‘எம்பு’வுக்கு முன்னால் ஒரு சொல்

மூன்றாவது நாளாகச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

முதல் நாள் மனைவியின் மறதி என்று விட்டுவிட்டார். இரண்டாம் நாள் தன் நாக்கின்மேல் சந்தேகப்பட்டார். மூன்றாம் நாள் ஒரு வாய் வைத்ததுமே தட்டைத் தள்ளிவிட்டு, சண்டைக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன இது? ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு!"

முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் இந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்பது அவருக்கு மனப்பாடம். "வேணும்னா நீங்களே சமைச்சுக்கங்க" என்பது முதல் வரி. "எங்கப்பா கண்ண மூடிக்கிட்டுக் குடுத்துட்டாரு" என்பது இரண்டாவது. மூன்றாவது வரியில் அவருடைய அக்காவின் தலை உருளும். மூன்றுக்கும் அவர் பதில் வைத்திருந்தார்.

மனைவி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"சரிங்க. நாளைக்குப் பாத்துச் செய்றேன்."

அவள் ‘சரிங்க’ என்று சொல்லி அவர் கேட்டதேயில்லை.

ஊரில் அவரை அகராதியார் என்பார்கள். ஓர் அகராதி அலுவலகத்தில் பதிப்பாசிரியராக இருப்பதால் வந்த பெயர். அவருடைய சுபாவத்தால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் அலுவலகத்தில் உண்டு. எப்படியானாலும் ஒரு சொல் வழக்கத்துக்கு மாறாகப் பயன்பட்டால் அது ஏன் என்று தோண்டிப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

யோசித்துப் பார்த்தால் உப்பு மட்டுமில்லை. நேற்றுக் காலையில் அவருடைய பையை மூன்று மாடியும் அவளே தூக்கிக்கொண்டு இறங்கினாள். போன வாரம் அலுவலகக் குழுப்படத்துக்குப் போட்டுக்கொண்ட கோட்டைத் துடைத்து, மடித்து, பூப்போல அலமாரியில் வைத்தாள். வழக்கமாக அது அவர் முகத்தில்தான் வந்து விழும். தொலைக்காட்சியின் ரிமோட்டைக் கேட்காமலே கையில் கொடுத்தாள். இவ்வளவு மரியாதையை எந்த மனிதனுக்கும் காரணமில்லாமல் யாரும் கொடுக்கமாட்டார்கள்.

அவள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போன நேரத்தில் அவர் சமையலறைக்குள் நுழைந்தார். உப்பு ஜாடி வழக்கமான இடத்தில் இல்லை. அலமாரி அலமாரியாகத் தேடியதில், அது பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் ஒரு துணிப்பைக்குள் ஒளிந்திருந்தது. பக்கத்திலேயே கடையில் வாங்க வேண்டியதை எழுதும் நோட்டும் இருந்தது. பிரித்தார்.

அவளுடைய கையெழுத்து. கோணல் மாணலாக, அவசரத்தில் எழுதியது.

‘எம்பாலிசம். உப்பு கூடாது. மாடிப்படி கூடாது. கோபம் வரவைக்கக் கூடாது. தம்பியை வரச் சொல்லணும். இவர்கிட்ட வாயே திறக்கக் கூடாது.’

அகராதியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போன வாரம்தான் அலுவலகத்தில் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. அகராதியின் இரண்டாம் பதிப்பு வேலை தொடங்குமுன் உடம்பைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. முடிவை வாங்கி வந்தவள் மனைவிதான். "எல்லாம் நல்லா இருக்காம்" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டாள். அந்த வேகத்தை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஆக, தனக்கு ஏதோ வந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தனக்கு மட்டும் தெரியக் கூடாதாம்! நோயைவிட இதுதான் அவருக்கு வலித்தது. ஒரு கைக்குட்டை காணாமல் போனால்கூட அவளிடம் சொல்லாமல் இருந்ததில்லை அவர்.

அன்று அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நேராகத் தன் அகராதியிடம்தான் போனார். பன்னிரண்டு வருட உழைப்பு. எட்டு வருடத்துக்கு முன்னால் வெளிவந்தது. வெளியீட்டு விழாவில் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் பிரதியைக் குழந்தைபோல ஏந்தி நிற்கும் படம் அவர் தலைக்குமேல் மாட்டியிருந்தது.

எ... எம்... எம்ப... ‘எம்பு’ இருந்தது. அதற்கு முன்னால் இருக்க வேண்டிய சொல்லைக் காணோம்.

"ஏம்மா! இங்க வாங்க!"

டைப்பிஸ்ட் அம்மா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார். ஊரெல்லாம் கணினி வந்த பிறகும் அந்த அலுவலகத்தின் சீட்டுகள் அவருடைய பழைய டைப்ரைட்டரில்தான் பிறக்கும். அதில் ‘ள’ மட்டும் வரியைவிட்டு அரை விரல் மேலே துள்ளி நிற்கும். பழுது பார்க்க ஆளில்லை.

"எம்பாலிசம் எங்கம்மா?"

டைப்பிஸ்ட் அம்மாவின் முகம் சுருங்கியது. "மறுபடியும் ஆரம்பிக்காதீங்க சார். அதுக்குத்தான் அப்பவே மெமோ குடுத்தாச்சே!"

அகராதியாருக்கு நினைவு வந்தது. அந்த அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு சீட்டு: பொருளுக்கு ஒன்று, உதாரண வாக்கியத்துக்கு ஒன்று. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சொல் அச்சுக்குப் போகாது. எம்பாலிசத்துக்கு ஒரு சீட்டு காணாமல் போய், அச்சான பிறகுதான் அது தெரிந்தது. சீட்டுகளுக்குப் பொறுப்பு டைப்பிஸ்ட் அம்மா. அகராதியார் ஒரு பக்க மெமோ கொடுத்தார். அந்த அம்மா ஒரு வாரம் அழுதார்.

"நீங்க தொலைச்ச சொல்லு இன்னைக்கு எவ்வளவு முக்கியமாயிருச்சு தெரியுமா?" என்றார் அகராதியார்.

"நான் தொலைக்கல சார். அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன்."

"தொலைச்சவங்க யாரும் ஒத்துக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து மருத்துவக் கலைச்சொல் தொகுதியை இறக்கினார். அந்தப் பொருளை ஒரு காலத்தில் அவரே எழுதியிருப்பார். ஆனால் நாற்பதாயிரம் சொல்லும் மனதில் நின்றால் அகராதி எதற்கு?

தொகுதி விளக்கமாகவே சொன்னது. ரத்தக் குழாயில் அங்கேயே ரத்தம் உறைந்து அங்கேயே அடைத்துக்கொண்டால் அது த்ரோம்போசிஸ். எம்பாலிசம் அப்படியில்லை. வேறு எங்கோ உண்டான ரத்தக் கட்டியோ கொழுப்போ காற்றுக் குமிழியோ, ரத்தத்தோடு பயணம் செய்து, போகிற வழியில் குறுகலான ஓர் இடத்தில் சிக்கி அடைத்துக்கொள்வது. நுரையீரலிலும் அடைக்கலாம், மூளையிலும் அடைக்கலாம்.

அகராதியாரின் கை தானாகத் தொடையைத் தடவியது. பயணம் செய்கிறதாமே! இந்த நிமிடத்தில் அது எங்கே போய்க்கொண்டிருக்கிறதோ? முழங்காலைத் தாண்டியிருக்குமா?

அந்த நேரத்திலிருந்து அவர் அசைவதை நிறுத்திவிட்டார். அசைந்தால்தானே அது நகரும்? கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினார். பேனா விழுந்தால் குனியவில்லை. தும்மல் வந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்க அதை அப்படியே விழுங்கினார். சாயங்காலம் மூன்று மாடியும் பக்கவாட்டில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார்.

கதவைத் திறந்த மனைவி அவர் ஏறி வந்த அழகைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன?" என்றார் சந்தேகமாக.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் அவளும் சந்தேகமாக.

மறுநாள் காலையில் மச்சினன் வந்து இறங்கினான். ஒரு நாள் தங்க வருபவன் கையில் இருக்கக்கூடிய பெட்டி இல்லை அது. தீயணைப்பு நிலையத்தில் வேலை. முதலுதவியில் பதக்கம் வாங்கியவன். யாராவது மயங்கி விழமாட்டார்களா என்று வருடக்கணக்காகக் காத்திருப்பவன்.

"எப்படி இருக்கீங்க மாமா?" என்று கேட்டுக்கொண்டே கையைப் பிடித்தான். விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி உதடு அசைய எதையோ எண்ணினான்.

"கையை விடுடா. என்ன திடீர்னு?"

"சும்மா மாமா. உங்களப் பாக்கணும்னு தோணுச்சு."

பதினெட்டு வருடமாகத் தோன்றாதது! அகராதியார் அவனை மேலும் கீழும் பார்த்தார். எங்கோ கிளம்பி, பயணம் செய்து வந்து, இருப்பதிலேயே குறுகலான கூடத்தில் பெட்டியோடு சிக்கிக்கொண்டு, சமையலறைக்குப் போகிற வழியையும் அடைத்திருந்தான். கலைச்சொல் தொகுதிக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

விடுமுறை நாளானதால் மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தார். விழித்தபோது மூக்குக்குக் கீழே ஒரு விரல் இருந்தது.

"டேய்! என்னடா பண்றே?"

"ஈ ஒண்ணு இருந்துச்சு மாமா" என்றான் மச்சினன். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "மூச்சு இருக்குக்கா!" என்றான்.

அன்றைக்கு அகராதியார் ஒரு முடிவுக்கு வந்தார். தான் போவதைப் பற்றிக்கூட அவருக்கு அவ்வளவு கவலையில்லை. இரண்டாம் பதிப்பு? இருபது வருடம் கட்டிக் காத்த நாற்பதாயிரம் சொல்லையும் பாதியில் விட்டுவிட்டுப் போனால் அது அநாதையாகிவிடும். உயிரோடு இருக்கும்போதே யாரிடமாவது ஒப்படைத்துவிட வேண்டும். இணையாசிரியர் இருக்கிறார். அந்த மனிதர் எழுதும் உதாரண வாக்கியங்களை நினைத்தால்தான் நெஞ்சு வலித்தது. ‘நாற்காலி: இது ஒரு நாற்காலி.’ இப்படியா எழுதுவது?

அகராதியாரின் கொள்கையே வேறு. உதாரண வாக்கியத்தில் உயிர் இருக்க வேண்டும், படிக்கிறவன் ஒரு நிமிடம் நின்று மூக்கை உறிஞ்ச வேண்டும் என்பார். ‘நாற்காலி: அந்த நாற்காலியில் இனி யாரும் உட்காரப்போவதில்லை.’ ‘குடை: குடையை வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை.’ ‘சீப்பு’ என்ற சொல்லைப் பார்க்கப்போன ஒரு கல்லூரி மாணவி அழுதுகொண்டே கடிதம் போட்டிருந்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அம்மாவைக் கூப்பிட்டுக் கடிதத்தைச் சொன்னார். "உடல்நிலை காரணமாக இரண்டாம் பதிப்பின் பொறுப்பிலிருந்து நிரந்தரமாக விலகிக்கொள்கிறேன்..."

"உடம்புக்கு என்ன சார்?" அந்த அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன.

"நீங்க தொலைச்சதுதான்" என்றார் அகராதியார்.

டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் புரியவில்லை. கடிதத்தை நல்ல தாளில் அடித்து, சாயங்காலம் வீட்டுக்கே கையெழுத்துக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார்.

அங்கிருந்து அகராதியார் நேராக, ரத்தப் பரிசோதனை செய்த மருத்துவரிடம் போனார். வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அலுவலகத்தின் பின்வாசல் வழியாக, பக்கவாட்டில் நடந்து போனார். காத்திருக்கும் இடத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். மூலையில் ஒருவர் முகத்தை மறைத்துச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாள் தலைகீழாக இருந்தது.

"ஒளிக்காம சொல்லுங்க டாக்டர். எனக்கு எவ்வளவு நாள்?"

மருத்துவர் கோப்பைப் புரட்டினார். "எதுக்கு எவ்வளவு நாள்?"

"எம்பாலிசத்துக்கு."

"யாருக்கு?"

"நடிக்காதீங்க. எனக்கு எல்லாம் தெரியும்."

"சார், உங்க ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்ல. என் ரிப்போர்ட்டவிட நல்லா இருக்கு."

"எம்பாலிசம் ரத்தப் பரிசோதனையில தெரியுமா?"

"அத மட்டும் வெச்சு முடிவா சொல்ல முடியாது. அறிகுறி பாத்து, ஸ்கேன் எடுத்து..."

"அதான பார்த்தேன்!"

"உங்களுக்கு மூச்சு வாங்குதா? கால் வீங்குதா? நெஞ்சு வலி?"

"சொல்லட்டுமா? சாப்பாடு இறங்கல."

"ஏன்?"

"உப்பு இல்ல."

மருத்துவர் கோப்பை மூடினார். "உப்பு போட்டுச் சாப்பிடுங்க சார். தாராளமா நடங்க. மாடி ஏறுங்க. உங்களுக்கு என்னென்ன ஆசையோ எல்லாம் பண்ணுங்க."

என்னென்ன ஆசையோ எல்லாம் பண்ணு என்று ஒரு மருத்துவர் எந்த நிலையில் இருக்கிறவனிடம் சொல்வார் என்பது அகராதியாருக்குத் தெரியாதா?

மெதுவாக எழுந்தார். இரண்டு நாளாக மனைவியின் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடத்தில் கரைந்துபோயிற்று. பாவம், அவள்! மறைக்க முடியாமல் மறைத்துக்கொண்டு, உப்பு ஜாடியை ஒளித்துவைத்துக்கொண்டு என்ன பாடுபடுகிறாளோ! முடிவு இவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியவே கூடாது. வாசல்வரை போனவர் கதவைத் திறந்து பிடித்தபடி திரும்பினார்.

"ஒரே ஒரு உதவி. எனக்கு எம்பாலிசம் இருப்பதை என் மனைவியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். அவள் தாங்கமாட்டாள்."

உணர்ச்சிவசப்பட்டால் அகராதியார் எழுத்துத் தமிழுக்குப் போய்விடுவார். அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுகூட அந்த வேகத்தில் அவருக்கு மறந்துபோயிற்று.

வெளியே யாரோ ஓவென்று அழுதார்கள். ஒரு செய்தித்தாள் தரையில் விழுந்தது. யார் வீட்டுத் துக்கமோ என்று நினைத்துக்கொண்டு, அவர் கழுத்தைத் திருப்பாமல் பக்கவாட்டில் நடந்து வெளியேறினார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவியும் மச்சினனும் அவருக்கு முன்னாலேயே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது. மச்சினனின் விரலெல்லாம் செய்தித்தாள் மை.

"இன்னும் எத்தன நாளைக்குங்க மறைப்பீங்க?" என்றாள் மனைவி.

"நானா? நீ மறைக்கல? நோட்டுல எழுதிவெச்சிருக்கிறத நான் பாத்துட்டேன்!"

"நீங்க சொல்லாததனாலதான் நான் நோட்டுல எழுதினேன்!"

"டாக்டர் உன்கிட்ட சொன்னதாலதான் எனக்கே தெரிஞ்சுது!"

"அந்த மனுஷன் என்கிட்ட எங்க சொன்னாரு? ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சாதிச்சாரு. நீங்க சொல்லக் கூடாதுன்னு கும்பிட்டுக் கேட்டா அவர் எப்படிச் சொல்வாரு?"

"இன்னைக்குத்தானே கேட்டேன்?"

"இன்னைக்குக் கேட்டத நாங்க ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து கேட்டோம். அதுக்கு முன்னாடியே கேட்டிருக்கீங்க. எனக்குப் போன வாரமே தெரியும்!"

அகராதியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். தனக்கே முந்தாநாள் தெரிந்தது இவளுக்குப் போன வாரமே எப்படி, அதுவும் தான் சொல்லியே தெரிந்தது? மருத்துவர், மச்சினன், மனைவி... இதில் யார் யாருக்கு உடந்தை?

அழைப்பு மணி அடித்தது. டைப்பிஸ்ட் அம்மா கையில் ஒரு பை பழத்தோடும் கடித உறையோடும் நின்றார். உள்ளே இருந்த மூன்று முகங்களையும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கடிதத்தை மேசைமேல் விரித்து, பேனாவையும் வைத்தார்.

"என்னது இது?" என்றாள் மனைவி.

"அகராதிய ஒப்படைக்கிறேன்" என்றார் அகராதியார். பேனாவைக் கையில் எடுத்தார். "நான் போனப்புறம் இணையாசிரியர் பாத்துக்குவாரு. நாற்காலிக்கு ‘இது ஒரு நாற்காலி’ன்னு எழுதுவாரு. எழுதட்டும்."

"பேனாவக் கீழ வைங்க!" அவள் அதட்டியது பழைய குரல். கேட்டதும் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நான் தாங்கமாட்டேன்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது? உங்களையே முப்பத்தொரு வருஷமாத் தாங்கிட்டிருக்கேன். இத தாங்கமாட்டேனா? நேர்ல சொல்ல வாய் வராம டைப் அடிச்சுப் பையில வெச்சிக்கிட்டுச் சுத்தறீங்களே!"

இடுப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு தாள் துண்டை எடுத்து மேசையில் விட்டெறிந்தாள்.

"போட்டோ எடுத்துட்டு வந்தீங்களே, அந்தக் கோட்டு உள்பையில இருந்துச்சு. படிங்க!"

மச்சினன் பிரித்து உரக்கப் படித்தான். "‘எனக்கு எம்பாலிசம் இருப்பதை என் மனைவியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். அவள் தாங்கமாட்டாள்.’"

அகராதியார் தாளை எட்டிப் பார்த்தார். அரைமணி நேரத்துக்கு முன்னால் தன் வாயிலிருந்து வந்த வாக்கியம், ஒரு சொல் மாறாமல், போன வாரமே கோட்டுப் பைக்குள் வந்து எப்படி உட்கார்ந்தது?

"டாக்டர்தான்!" என்றார் ரகசியக் குரலில். "அந்த ஆளுக்கு ஏதோ தெரியும். நான் என்ன சொல்லப்போறேன்கிறது முன்னாடியே..."

டைப்பிஸ்ட் அம்மா மச்சினன் கையிலிருந்து தாளை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். தாளை மேசைமேல் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கடிதத்தின் ‘விலகிக்கொள்கிறேன்’ என்ற சொல்லில் ‘ள்’ அரை விரல் துள்ளி நின்றது. ‘தாங்கமாட்டாள்’ என்ற சொல்லிலும் அதே ‘ள்’, அதே உயரத்தில் துள்ளி நின்றது.

அந்த அம்மா தாளை ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு நிதானமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது எம்பாலிசத்துக்கு நீங்க சொல்லச் சொல்ல நான் அடிச்ச உதாரண வாக்கியம் சார்... எட்டு வருஷத்துக்கு முன்னாடி இதத் தொலைச்சேன்னுதான் எனக்கு மெமோ குடுத்தீங்க."